மாநில அரசமைப்பைத் திருத்த ஒரு பேராளர் மாநாடு: மாண்டானாவை முன்வைத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக ஓர் அரசமைப்புச் சட்டம் உண்டு. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டுக்கென்று தனி அரசமைப்பு கிடையாது, டெல்லியில் எழுதியதுதான் எல்லோருக்கும். அதை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்கு மாகாண உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததும் மாகாணச் சட்டமன்றங்கள்தான். எழுதி முடித்ததை மக்கள் வாக்குக்கு விடவும் இல்லை.

மாண்டானாவில் கதை வேறு. மாநாடு கூட்டலாமா என்று முதலில் மக்களிடம் கேட்பார்கள். 'ஆம்' என்றால், போய் எழுதப்போகிற பேராளர்களை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். எழுதி முடித்த வரைவு மறுபடி மக்களிடமே வரும். ஆக மூன்று வாக்கெடுப்பு. முதல் கேள்வி அடுத்தபடியாக 2030 நவம்பரில் வாக்குச்சீட்டில் வரவேண்டும்.

அங்கே புதிதாகக் குடியுரிமை பெற்று வாக்களிக்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 1972இல் நடந்த மாநாட்டைக் கூடவே எடுத்துச் சொல்கிறேன். எந்தப் படியில் கால் வழுக்கும் என்பது விதியைப் படித்தால் தெரியாது, நடந்ததைப் பார்த்தால்தான் தெரியும். மண்டபத்துக்குள் நடக்கிற பேச்சைவிட, அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற சின்னச் சின்ன விதிகள்தான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கின்றன. அதனால் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: மாநாடுதான் வேண்டுமா என்று பாருங்கள்

ஒரே ஒரு பிரிவை மாற்ற நினைத்தால் மாநாடு தேவையே இல்லை. சட்டமன்றத்தின் இரு அவைகளையும் சேர்த்து 150 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 பேர் ஒப்புக்கொண்டால் ஒரு திருத்தத்தை மக்கள் வாக்குக்கு அனுப்பலாம். மக்களே கையெழுத்துத் திரட்டியும் ஒரு திருத்தத்தைக் கொண்டுவரலாம். ஆனால் இந்த இரண்டு வழியிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் ஒரே தேர்தலில் வந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாக்களிக்கும்படி பிரித்துத் தரவேண்டும். வரி முறை, நீதிமன்றம், சட்டமன்றம் என்று ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை மொத்தமாக மாற்ற அது உதவாது. அதற்குத்தான் மாநாடு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மாண்டானா அரசமைப்பின் 14ஆம் பகுதி, இதை 'வரம்பற்ற மாநாடு' என்றே சொல்கிறது. சொத்து வரியை மட்டும் பேசுங்கள், மற்றதைத் தொடாதீர்கள் என்று கதவைப் பாதி திறந்து வைக்க முடியாது. உங்களுக்குப் பிடிக்காத பிரிவு திறக்கும்போது, பிடித்த பிரிவும் சேர்ந்தே திறக்கும். மேலே இருக்கிற ஒரே கூரை, நாட்டின் அரசமைப்புச் சட்டம். தனியுரிமை, தகவல் அறியும் உரிமை போன்றவற்றை உயிராக நினைக்கிறவர்கள் மாநாட்டுக்கு 'இல்லை' என்று சொல்வது இந்தப் பயத்தால்தான். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1990, 2010 இரண்டு முறையும் மக்கள் 'இல்லை' என்றே சொன்னார்கள்.

இரண்டாம் படி: கேள்வி எந்த வாசல் வழியாக வருகிறது

மூன்று வாசல்கள். சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் கேள்வியை மக்களிடம் அனுப்பலாம். மாநில வாக்காளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கையெழுத்திட்டாலும் அனுப்பலாம். ஆனால் அந்தக் கையெழுத்துகள் ஒரே நகரத்தில் குவிந்திருக்கக் கூடாது, சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்தில் இரண்டு பங்கில், ஒவ்வொன்றிலும் பத்து விழுக்காடு இருக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் 20 ஆண்டுகள் போய்விட்டால், கேள்வி தானாகவே வாக்குச்சீட்டில் ஏறிவிடும். 2030 என்று சொன்னது இந்த மூன்றாவது வாசலை வைத்து.

தானாக வருகிற இந்தக் கேள்வி மாண்டானாவில் மட்டும் இல்லை. நியூயார்க், ஒஹாயோ, இல்லினாய் எல்லாம் 20 ஆண்டுக்கு ஒருமுறை கேட்கின்றன. மிச்சிகன் 16 ஆண்டுக்கு ஒருமுறை, அலாஸ்காவும் ரோட் ஐலண்டும் 10 ஆண்டுக்கு ஒருமுறை. நீங்கள் வேறு மாநிலத்தில் இருந்தால் முதலில் உங்கள் மாநிலத்தின் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்.

மூன்றாம் படி: அழைப்புச் சட்டத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படியுங்கள்

மக்கள் 'ஆம்' என்றதும் மாநாடு மறுநாளே கூடிவிடாது. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் ஓர் அழைப்புச் சட்டம் இயற்ற வேண்டும். எந்த நாள், எங்கே கூடுவது, பேராளருக்கு எவ்வளவு ஊதியம், செலவுக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில்தான் வரும். பேராளர்கள் கட்சிச் சின்னத்தோடு நிற்கலாமா, கட்சி சாராமல் நிற்க வேண்டுமா என்பதையும் சட்டமன்றமே முடிவு செய்யும்.

பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில் தூங்கிவிடுவார்கள். தேர்தல் முடிந்துவிட்டது, மாநாடு இன்னும் தொடங்கவில்லை, செய்தியிலும் பெரிதாக எதுவும் வராது. ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காமல் விட்டால், வந்து உட்காருகிற நூறு பேருக்கு முன்னால் வெறும் மேசைதான் இருக்கும். 1972க்கு முன்னால் இதை நன்றாகவே செய்தார்கள். மாநாட்டுக்கென்று ஓர் ஆயத்த ஆணையம் அமைத்து, ஒவ்வொரு பொருள் குறித்தும் ஆய்வறிக்கை தயாரித்துப் பேராளர்கள் கையில் கொடுத்தார்கள்.

நான்காம் படி: பேராளராக நிற்பது

இன்றைய விதிப்படி பேராளர்கள் 100 பேர், கீழவைத் தொகுதிக்கு ஒருவர். தகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு உள்ளதுதான்: மாநிலத்தில் ஓராண்டு குடியிருந்திருக்க வேண்டும், தன் பகுதியில் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

யார் உட்காருகிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 1889இல் மாண்டானா மாநிலமாகும்போது எழுதிய அரசமைப்புக்கான மாநாட்டுக்குத் தலைவர், செப்புச் சுரங்க அதிபர் வில்லியம் கிளார்க். சுரங்கங்களின் நிகர வருமானத்துக்கு மட்டும் வரி போடலாம் என்ற சலுகை அந்த அரசமைப்பிலேயே ஏறிவிட்டது. அதன்பிறகு பல பத்தாண்டுகள் அனகோண்டா என்ற செப்பு நிறுவனத்தின் பிடி மாநில அரசியலில் தளரவே இல்லை. மாநிலத்தின் முக்கியமான நாளிதழ்கள் பலவும் 1959 வரை அந்த நிறுவனத்திடம்தான் இருந்தன.

1971இல் நிலைமை தலைகீழானது. அரசுப் பதவியில் இருக்கிறவர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட, பேராளராக முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு தீர்ப்பு பழைய முகங்களை ஒதுக்கிப் புதியவர்களுக்கு வழிவிட்டது. பண்ணைக்காரர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், போதகர்கள் என்று பலரும் வந்தார்கள். நூறு பேரில் 19 பேர் பெண்கள். ஜனநாயகக் கட்சியினர் 58, குடியரசுக் கட்சியினர் 36, சுயேச்சைகள் 6. எல்லோரிலும் இளையவர் மிசூலாவிலிருந்து வந்த 24 வயது மாணவி மே நான் எலிங்சன் (அப்போது ராபின்சன்). ஆனால் அமெரிக்கப் பூர்வகுடிகள் ஒருவர்கூட அந்த நூறு பேரில் இல்லை. அந்தக் குறையை மறைத்து அந்த மாநாட்டைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நிற்க நினைக்கிறீர்களா? உங்கள் தொகுதியில் வீடு வீடாகப் போவதற்கு முன்னால், இப்போதுள்ள அரசமைப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். இரண்டு மாலைகளில் படித்து முடித்துவிடலாம். எந்தப் பிரிவைத் தொடவே மாட்டேன் என்பதையும் வாக்காளரிடம் சொல்லுங்கள். மாற்றப் போகிறதை எல்லோரும் சொல்வார்கள், காக்கப் போகிறதைச் சொல்கிறவரைத்தான் மக்கள் நம்புவார்கள்.

ஐந்தாம் படி: முதல் நாள், நாற்காலி

1972 ஜனவரி 17 அன்று தலைநகர் ஹெலினாவில் சட்டமன்றக் கட்டடத்தில் மாநாடு தொடங்கியது. சட்டமன்றத்தில் இந்தக் கட்சி இந்தப் பக்கம், அந்தக் கட்சி அந்தப் பக்கம் என்று உட்காருவது வழக்கம். இங்கே பெயரின் அகர வரிசைப்படி உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் எதிர்க்கட்சியா நம் கட்சியா என்பது பெயரின் முதல் எழுத்தைப் பொறுத்தது. வாரக்கணக்கில் தோளோடு தோள் உட்கார்ந்தால் பேச்சு வந்துதானே ஆகும்? கடைசியில் வரைவில் நூறு பேரும் கையெழுத்திட்டார்கள். நாற்காலி வரிசைதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடைமுறை விதி எழுதுகிற நாளில் நீங்கள் அங்கே இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் குழுக்கள். கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது, யார் எப்படி வாக்களித்தார் என்பதைப் பதிவது, பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் குறித்துவைப்பது, மூன்றையும் முதல் வாரத்திலேயே விதியாக்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் நேரமில்லை என்பார்கள்.

படிகளைப் பத்திரப்படுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாண்டானாவின் முதல் அரசமைப்பு மாநாடு 1866இல் நடந்தது. அதில் எழுதிய வரைவை அச்சடிக்க செயின்ட் லூயிஸ் நகரத்துக்குக் கொண்டுபோன வழியில் தொலைத்துவிட்டார்கள்.

ஆறாம் படி: பேராளர் இல்லாதவர் என்ன செய்யலாம்

குழுவின் முன் போய்ப் பேசலாம். ஒரு பூர்வகுடிப் பேராளரும் இல்லாத அந்த மாநாட்டுக்கு, ஃபோர்ட் பெக் பூர்வகுடிப் பகுதியிலிருந்து இரண்டு பள்ளி மாணவிகள் வந்தார்கள். பள்ளிப் பாடத்தில் எங்கள் பண்பாடு எங்கே என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். பூர்வகுடிகளின் தனித்த பண்பாட்டு மரபை மாநிலம் ஏற்கிறது, கல்வியின் வழியாக அதைக் காக்க உறுதி கொள்கிறது என்ற வரி 10ஆம் பகுதியில் இடம்பெற்றது. அந்த வரியை நடைமுறைக்குக் கொண்டுவரும் சட்டம் 1999இல்தான் வந்தது. 27 ஆண்டு தாமதம்தான். ஆனால் பற்றிக்கொள்ள அந்த வரி இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நீங்கள் போவதானால், குறையை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தப் பகுதியில் எந்தச் சொற்கள் வரவேண்டும் என்று இரண்டு மூன்று வரியில் எழுதி, நகல் எடுத்து, குழுவில் உள்ள ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

ஏழாம் படி: ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கலாம்

நிறையச் செலவழிக்கலாம். சுற்றுச்சூழல் பிரிவு வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். குழு கொண்டுவந்த வரைவு, மாநிலமும் ஒவ்வொரு மனிதரும் இனிவரும் தலைமுறைகளுக்காகவும் மாண்டானாவின் சுற்றுச்சூழலைப் பேணி மேம்படுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னது. 'தூய்மையான, நலமான' என்ற அடைமொழிகளைக் குழு வேண்டுமென்றே விட்டிருந்தது. காரணம் யோசிக்க வேண்டிய காரணம்: மாண்டானாவின் காற்றும் நீரும் இப்போதே அதைவிட நன்றாக இருக்கின்றன, அந்த அடைமொழியைப் போட்டால் 'தூய்மை' என்ற அளவுவரை கெடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது பொருள் சொல்லிவிடுவார்கள்.

எதிர்த்தரப்பு, அடைமொழி இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் பிடிக்க ஒரு பிடியும் இருக்காது என்றது. இரண்டு தரப்புமே சுற்றுச்சூழலுக்கு வலுவான காப்பு வேண்டும் என்றவர்கள்தான், சண்டை எந்தச் சொல் வலுவானது என்பதில். கடைசியில் 'தூய்மையான, நலமான' என்ற சொற்கள் ஏறின. 9ஆம் பகுதியில் கடமையாகவும், 2ஆம் பகுதியில் உரிமையாகவும் இன்று அவை இருக்கின்றன. குழு சொன்ன அச்சமும் அவைக்குறிப்பில் அப்படியே பதிவானது. இந்தப் பதிவு எப்படிக் கைகொடுத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடையைச் சீர்செய்கிற குழு ஒன்று இருக்கும். எல்லாப் பிரிவுகளும் அதன் கை வழியாகப் போய் வரும். நடையைத் திருத்துகிறோம் என்ற பெயரில் பொருள் மாறிவிடாமல் பார்ப்பது உங்கள் வேலை.

எட்டாம் படி: ஒரே மூட்டையா, தனித்தனிப் பொட்டலமா

என் பார்வையில் மாநாடு எடுக்கிற முடிவுகளிலேயே பெரியது இதுதான். 1967இல் நியூயார்க் மாநாடு தான் எழுதிய அத்தனையையும் ஒரே கேள்வியாக வைத்தது. மதப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் தருவதைத் தடுக்கும் பிரிவை நீக்கியதும் அதற்குள்தான் இருந்தது. அந்த ஒன்றைப் பிடிக்காதவர்கள் மொத்தத்தையும் தோற்கடித்தார்கள். மாறாக, ரோட் ஐலண்ட் 1986இல் 14 கேள்விகளாகப் பிரித்து வைத்தது. 8 தேறின, 6 தோற்றன. தோற்றவை தேறியவற்றை இழுத்துக்கொண்டு போகவில்லை.

மாண்டானா நடுவழியில் போனது. முழு அரசமைப்பு ஒரு கேள்வி. சண்டை மூட்டக்கூடிய மூன்றை மட்டும் வெளியே எடுத்துத் தனியாக வைத்தார்கள்: சட்டமன்றத்துக்கு ஓர் அவையா இரண்டா, சூதாட்டத்தை அனுமதிக்க வழிவிடலாமா, மரண தண்டனை இருக்கலாமா. இரண்டு அவை, சூதாட்டத்துக்கு வழி, மரண தண்டனை தொடரட்டும் என்று மக்கள் முடிவு செய்தார்கள். ஓர் அவை வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் அந்தச் சண்டை முக்கிய வரைவைத் தொடவில்லை.

ஒன்பதாம் படி: மக்களிடம் கொண்டுபோவது

மாநாடு முடிந்து குறைந்தது இரண்டு மாதம் கழித்துத்தான் வாக்கெடுப்பு வைக்கலாம் என்கிறது இன்றைய விதி. அந்த இரண்டு மாதத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? 1972 மார்ச் 24 அன்று மாநாடு கலைந்தது. மிச்சமிருந்த பணத்தில் வாக்காளர்களுக்கு விளக்கம் தரத் திட்டமிட்டிருந்தார்கள். மாநாடு கலைந்தபின் அரசுப் பணத்தை இதற்குச் செலவிட அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. பேராளர்கள் தங்கள் முயற்சியில்தான் ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. மாண்டானா நம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்பு, அப்போது மக்கள்தொகை 7 லட்சம்தான். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள்.

மிச்சிகன் அரசமைப்பு இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. தான் எழுதியதை மக்களுக்கு விளக்குவதும் மாநாட்டின் அதிகாரம் என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் இருப்பவர்கள் அழைப்புச் சட்டம் வரும்போதே இதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பத்தாம் படி: எதை எதால் வகுக்கிறார்கள்

1972 ஜூன் 6 வாக்கெடுப்பு. ஆதரவு 1,16,415, எதிர்ப்பு 1,13,883. வித்தியாசம் 2,532 வாக்கு. வென்றாயிற்று என்று நினைப்பீர்கள். ஆனால் அன்று வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் மொத்தம் 2,37,600 பேர். பலர் மற்றவற்றுக்கு வாக்களித்துவிட்டு இந்தக் கேள்வியைக் காலியாக விட்டிருந்தார்கள். 1889 அரசமைப்பு, 'தேர்தலில் வாக்களிப்போரில் பெரும்பான்மை' வேண்டும் என்றது. வந்தவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுத்தால் 1,18,800க்கு மேல் வேண்டும், புதிய அரசமைப்பு தோற்றதாக ஆகிவிடும். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மூன்று நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். இந்தக் கேள்விக்கு வாக்களித்தவர்களை மட்டும் கணக்கிட்டால் போதும் என்ற தீர்ப்பில் அது உயிர் பிழைத்தது. இன்றைய 14ஆம் பகுதியில் 'அதன்மேல் வாக்களித்தோரில் பெரும்பான்மை' என்று சந்தேகமில்லாமல் இருக்கிறது.

மேரிலாண்டில் இன்னும் பழைய மாதிரியான விதிதான். 2010இல் மாநாடு வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் நூற்றுக்கு 54 பேர் 'ஆம்' என்றார்கள். இருந்தும் மாநாடு கூடவில்லை, கேள்வியைக் காலியாக விட்டவர்களும் எதிர்ப்பாகவே கணக்கில் வந்தார்கள். ஆகவே உங்கள் மாநிலத்தில் காலியாக விட்ட சீட்டுக்கு என்ன பொருள் என்பதை வாக்களிக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

2030 வரை சும்மா இருக்க வேண்டியதில்லை

1972 அரசமைப்பு இன்னொரு ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் நகரம் அல்லது மாவட்ட நிர்வாகத்தின் வடிவத்தை மறுஆய்வு செய்யலாமா என்று மக்களிடம் கேட்பார்கள். 'ஆம்' என்ற இடங்களில் மக்களே ஓர் ஆய்வுக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அது கூட்டம் நடத்தி எழுதுகிற பரிந்துரை மறுபடி மக்கள் வாக்குக்குப் போகும். கடைசியாகக் கேட்டது 2024இல். மாநாட்டின் சின்ன உருவம்தான் இது. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு அமைந்ததா என்று ஊர் அலுவலகத்தில் கேளுங்கள். அதன் கூட்டக்குறிப்புகளை வாங்கிப் படித்தாலே மேலே சொன்ன படிகளில் பாதி பழகிவிடும்.

ஏற்றபின் என்ன ஆகும்

புதிய அரசமைப்பு 1973 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மாநாட்டில் பேசிய ஒவ்வொரு சொல்லும் பக்கம் பக்கமாக அச்சில் இருக்கிறது. நீங்கள் பேராளராகப் போனால், ஒரு சொல்லை ஏன் சேர்க்கிறீர்கள் என்பதை எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்காருங்கள். உங்கள் வாக்கு மட்டும் பதிவானால் காரணம் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

2020இல் பதினாறு பேர், குழந்தைகளும் இளைஞர்களும், மாநில அரசின் மீது வழக்குப் போட்டார்கள். புதைபடிவ எரிபொருள் திட்டங்களுக்கு அனுமதி தரும்போது பருவநிலைப் பாதிப்பைப் பார்க்கவே கூடாது என்கிற சட்டம், எங்கள் 'தூய்மையான, நலமான' சுற்றுச்சூழல் உரிமையைப் பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். 2023 ஜூனில் ஹெலினாவில் விசாரணை நடந்தது. ஆகஸ்டில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அடைமொழி குறித்து 1972இல் நடந்த விவாதத்தையும் எடுத்துப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்தது.

அந்த விசாரணையில் முதல் சாட்சியாகக் கூண்டில் ஏறி, அந்தச் சொற்கள் எப்படி வந்தன என்று சொன்னவர் மே நான் எலிங்சன். 24 வயதில் அந்த மண்டபத்தில் அகர வரிசைப்படி உட்கார்ந்திருந்தவர், ஐம்பத்தோரு ஆண்டு கழித்து அதே ஊரில் அதே வரியைப் பற்றிப் பேசினார்.